ஆள் இல்லாத அறைகள்

வெள்ளி, காலை 8.40. கட்டுப்பாட்டு அறை

நிலவின் தென்முனை நிலையம். பதிவு எழுதுபவர் அமலோற்பவம், கதவுகளுக்குப் பொறுப்பு.

எல்லாக் கதவுகளிலும் வயர்லெஸ் பூட்டு பொருத்தியாகிவிட்டது. பழைய சக்கரப் பிடிகளைக் கழற்றிக் கிடங்கில் அடுக்கினோம். பேட்டரிகள் முழுசாக இருக்கின்றன. பனி அறையில் மட்டும் சிக்னல் கொஞ்சம் மந்தம். ஒரு சின்ன ஆன்டெனாவை உயர்த்தி வைத்ததும் சரியானது.

இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியாது. அடுத்து வரும் குழுவில் என்னைப் போல ஸ்குரூ டிரைவரோடு அலைகிற யாராவது இருப்பார்கள். அவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன். இதுவரை ஒவ்வொரு கதவும் தன் பாட்டுக்கு நின்றது. இனி எல்லாப் பூட்டும் கட்டடத்தின் ஆக்சஸ் கன்ட்ரோலோடு பேசும். அதற்கு ‘வாசல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்பதை வாசல் இரண்டு விதமாக அறியும். ஒன்று, நாங்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை. இரண்டு, பூட்டின் உள்பக்கம் இருக்கும் லென்ஸ். கறுப்பாக, மிளகு அளவில் இருக்கும். உடம்புச் சூட்டைப் பார்த்து ஆள் உண்டா இல்லையா என்று சொல்லும்.

ஆள் இல்லை என்றால் வாசல் அந்த அறையைப் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சித் தொட்டியில் சேர்த்துவிடும். இங்கே ஒவ்வொரு மூச்சுக் காற்றும் பூமியிலிருந்து சுமந்து வந்தது. ஆள் இல்லாத அறையில் அது சும்மா கசிந்துகொண்டிருக்கக் கூடாது.

இந்த யோசனை என்னுடையதுதான். அடக்கத்துக்காக மறைக்கப் போவதில்லை. சின்ன வயதில் எங்கள் அப்பா கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, “ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் யாருக்குடி சுத்துது?” அந்தக் கேள்வியைத்தான் ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் திண்டுக்கல். அதனால்தான் பூட்டு வேலைக்கு என்னை அனுப்பினார்கள் என்று வேம்புராஜ் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்பா நடத்தியது பிரியாணிக் கடை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவன் மண்டையில் ஏறுவதில்லை. வேம்புராஜ் இங்கே பனிக்கட்டி தோண்டும் இயந்திரத்தை ஓட்டுகிறான். வள்ளியூர்க்காரன், இருபத்தெட்டு வயது, வாய் ஓயாது. நிலையத்தின் தலைவர் கதிரேசன் சார், காரைக்குடி. நாங்கள் மூன்று பேர்தான்.

சனி, மாலை 4.15. கட்டுப்பாட்டு அறை

ஒத்திகை பார்த்தோம். ஒரு கூத்து நடந்தது. சாப்பாட்டு அறையில் நால்வர் இருப்பதாக வாசல் சொன்னது. நாலாவது ஆள் யார் என்று தேடினால், சோறு வைக்கும் குக்கர். லென்ஸுக்குச் சூடாக இருப்பதெல்லாம் மனுஷன்.

அதனால் ஒரு விதி சேர்த்தேன். நிலையத்தில் இருப்பவர்கள் மூன்று பேர். எப்போதும் பட்டையைத்தான் வாசல் முதலில் நம்ப வேண்டும். பட்டைகளையும் லென்ஸ்களையும் கூட்டி மூன்றுக்கு மேல் வந்தால், மிச்சத்தைக் கணக்கில் எடுக்காமல் காத்திருப்போர் வரிசையில் போட வேண்டும். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி. இடம் காலியானால் முதலில் வந்தவருக்கு. குக்கர் உடனே வெயிட்டிங் லிஸ்டுக்குப் போனது. வேம்பு உள்பேசியில் அரை மணி நேரம் சிரித்தான்.

மற்ற விதிகள்: காற்று உறிஞ்சுவதை நிறுத்தவோ விதியை மாற்றவோ வேண்டுமானால் இந்தக் கன்சோலில் பட்டையைத் தொட்டு, கட்டைவிரலும் வைக்க வேண்டும். யாராவது விளையாட்டாக நிறுத்திவிடக் கூடாது. பட்டை உடைந்தால் அதன் சொந்தக்காரர் கடைசியாக இருந்த இடத்திலேயே இருப்பதாக எடுத்துக்கொள்ளும். மயங்கி விழுந்திருக்கலாம் அல்லவா. பட்டை தொலைந்தால் மட்டும், தொலைத்தவர் இங்கே வந்து கட்டைவிரலை வைத்தால் போதும், அந்தப் பட்டை கணக்கிலிருந்து நீங்கும். கன்சோலில் தட்டுவது யார் என்று வாசலுக்குத் தெரியாது. அந்த இணைப்பை அடுத்த கட்டத்தில் செய்துகொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம்.

எப்போது ஓட விடுவது என்று கதிரேசன் சாரைக் கேட்டேன். உள்பேசிப் பேச்சு தானாகவே இந்தப் பதிவில் ஏறிவிடும், அதனால் அப்படியே இருக்கிறது.

“திங்கக்கிழமை விஜயதசமி, அமலாம்மா. புதுசா எதைத் தொடங்கினாலும் அன்னைக்குத்தான் தொடங்கணும். ஏழரைல இருந்து ஒம்பது ராகு காலம். அது முடிஞ்சதும் உங்க வாசல் தானா ஓடற மாதிரி வச்சிருங்க. நாமளும் அந்நேரத்துக்கே மறுபூஜையைத் தொடங்கிருவோம்.”

நிலவில் சூரியன் உதிக்க இரண்டு வாரம் ஆகும். ஆனால் ராகு காலம் காரைக்குடி நேரப்படி வந்து போகும். கேலி செய்தேன், அவரும் சிரித்தார். ஒன்பது மணிக்கு டைமர் வைத்துவிட்டேன்.

ஞாயிறு, மதியம் 2.30. நடைபாதை

இன்று ஆயுத பூஜை. வேம்பு காலையிலிருந்து இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறான். தோண்டும் இயந்திரம், பம்பு, சமையல் அடுப்பு, எதையும் விடவில்லை. நான் நடைபாதையில் வரும்போது கிடங்குக் கதவின் உள்பக்கம் நின்று கூப்பிட்டான்.

“ஏக்கா, பூட்டுக்குப் பொட்டு வைக்கதுக்குன்னே எடம் விட்டிருக்கானுவ பாருங்க. கறுப்பா, வட்டமா, நெத்தி மாதிரி. எல்லாக் கதவுக்கும் வச்சாச்சு.”

சந்தனம் குழைத்து, கெட்டியாக, நடுவில் குங்குமம். அது லென்ஸ் என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

சொல்லவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு கதிரேசன் சார் தன் கையால் தாள் வெட்டி எனக்காக நட்சத்திரம் கட்டினார். இதே நடைபாதையில். இங்கே நான் ஒருத்திதான் வேதக்காரி. அவர்கள் சாமிக்கு வைத்த சந்தனத்தை நான் துடைக்கச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் துடைப்பார்கள், எனக்குத் தெரியும். வேறு யார் சொன்னாலும் அது லென்ஸ் விஷயம். நான் சொன்னால் அது வேறு விஷயமாகிவிடுமோ என்று தோன்றியது. பட்டை இருக்கிறது, ஒரு நாள்தானே. நாளை மறுபூஜை முடிந்ததும் நானே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன்.

ஞாயிறு, மாலை 6.50. சாப்பாட்டு அறை

பூஜை முடிந்தது. சுண்டல் நன்றாக இருந்தது. நிலவில் கடலை வேக இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, ஆனாலும் கதிரேசன் சார் விடவில்லை.

தாம்பாளத்தில் சுத்தியல், ஸ்பேனர், கதவுகளின் சாவிக்கொத்து, என் ஸ்குரூ டிரைவர் எல்லாம் வைத்தார்கள். கடைசியாக சார் தன் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி வைத்தார். “இதுவும் தொழில் கருவிதான அமலாம்மா. உங்களதையும் குடுங்க. மறுபூஜை ஆகறவரைக்கும் எடுக்கக் கூடாது,” என்றார். வேம்பு ஏற்கெனவே வைத்திருந்தான். நானும் கழற்றிக் கொடுத்தேன்.

நாளை ஒன்பது மணிக்கு மூவரும் இதே சாப்பாட்டு அறையில் மறுபூஜையில் இருப்போம். பட்டைகளும் இங்கேயே இருக்கும். வாசல் கண் திறக்கும்போது மூன்று பட்டை, மூன்று ஆள். கணக்கு சரியாகத்தான் வரும்.

திங்கள், காலை 8.54. கட்டுப்பாட்டு அறை

சாப்பாட்டு அறையில் சார் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார். நான் ஐந்து நிமிடத்துக்கு இங்கே ஓடி வந்திருக்கிறேன். ஒன்பது அடித்ததும் வாசல் ஓடத் தொடங்குவதைத் திரையில் பார்க்க வேண்டும் என்று ஆசை. எட்டு மாத வேலை. பார்த்துவிட்டு ஓடிப் போய்க் கற்பூரம் எடுத்துக்கொள்ளலாம்.

பூமியோடு பேசும் செயற்கைக்கோள் இப்போது அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. பத்தரைக்கு மேலே வரும். வந்ததும் நல்ல செய்தி அனுப்ப வேண்டும்.

9.01

ஓடத் தொடங்கிவிட்டது.

வாசல்: “கிடங்கு: ஆள் இல்லை. பூட்டப்பட்டது.”

வாசல்: “பட்டறை: ஆள் இல்லை. பூட்டப்பட்டது.”

நடைபாதை முழுக்க டக், டக் என்று பூட்டுகள் விழும் சத்தம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. அப்பாவுக்கு இதைக் காட்டியிருக்க வேண்டும்.

9.03

வாசல்: “கட்டுப்பாட்டு அறை: ஆள் இல்லை. பூட்டப்பட்டது.”

என் முதுகுக்குப் பின்னால் டக்.

9.04

கதவு திறக்கவில்லை. என் பட்டை தாம்பாளத்தில். இந்தக் கதவின் லென்ஸ் மேல் சந்தனம். இரண்டையும் தனித்தனியாக யோசித்தேன், சேர்த்து யோசிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே அறையில் இருப்போம் என்று எழுதி வைத்துவிட்டு நானே எழுந்து வந்திருக்கிறேன். என்னை என்ன சொல்ல.

பயமில்லை. காற்று உறிஞ்ச ஒரே ஒரு பம்புதான். வரிசையாகத்தான் போகும். முதலில் நடைபாதை, பிறகு பனி அறை, பிறகு இந்த அறை, கிடங்கும் பட்டறையும் கடைசியில். சாரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம்.

9.06

நிறுத்தச் சொல்ல முடியாது. நிறுத்த இந்தக் கன்சோலில் பட்டையைத் தொட வேண்டும். பட்டை அங்கே, கன்சோல் இங்கே.

“சார், கதவைத் திறந்து என் பட்டையை எடுத்துட்டு வர முடியுமா? சாவிக்கொத்தும் தாம்பாளத்துலதான் இருக்கு.”

“பூட்டைத் திறந்துட்டேன் அமலாம்மா. கதவு அசையல. என்னமோ வெளியில இருந்து இழுக்கிற மாதிரி இருக்கு.”

நடைபாதையில் காற்று குறைந்துவிட்டது. உள்ளே இருக்கும் காற்று கதவைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. யானை கட்டி இழுத்தாலும் வராது. காற்றுடைகளும் முகமூடிகளும் நடைபாதை அலமாரியில் இருக்கின்றன.

“வேம்புகிட்ட குடுங்க சார்.”

“வேம்பு இங்க இல்லையே. மறுபூஜைக்குக் கலசத்துல வைக்க நிலாப் பனி கொஞ்சம் எடுத்துட்டு வரேன்னு பனி ரூமுக்குப் போனான். உங்ககிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை.

9.09

“வேம்பு, எங்கடா இருக்க?”

“பனி ரூம்லதான்க்கா. கதவு தெறக்க மாட்டேங்கு. புதுப் பூட்டுக்கு மொத நாளே கொணங்கெட்டுப் போச்சு போல. அம்மனுக்கு இம்புட்டு நல்ல பனி எடுத்து வச்சிருக்கேன், கையெல்லாம் வெறைக்கு.”

“சட்டையை இறுக்கிக்கிட்டு உக்காரு. அதிகமா பேசாத.”

“நான் பேசாம இருந்தா ஒங்களுக்குத்தான் போர் அடிக்கும்.”

வாசலின் கணக்கில் நாங்கள் மூவரும் சாப்பாட்டு அறையில் பூஜையில் இருக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது ஒருவர்.

9.12

கைக்குட்டையால் என் கதவின் லென்ஸைத் துடைத்தேன். சந்தனம் வந்துவிட்டது. நேராக எதிரே நின்றேன்.

வாசல்: “கட்டுப்பாட்டு அறை: பட்டை இல்லாத ஒருவர். நிலையத்தில் ஏற்கெனவே மூவர் உள்ளனர். காத்திருப்போர் வரிசை: 1.”

குக்கருக்காக எழுதிய விதி. மூன்று பட்டை சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் வரை நான் நாலாவது ஆள். என்னை ஆளாகவே எடுக்காது.

9.14

வாசல்: “நடைபாதை: காற்று மீட்பு முடிந்தது. பனி அறை: காற்று மீட்பு தொடங்குகிறது.”

“வேம்பு, கதவு உள்பக்கம் நீ வச்ச பொட்டைத் துடைடா. சுத்தமா துடை. அது லென்ஸ்.”

“லென்ஸா? மொதல்லயே சொல்லிருக்கலாம்லாக்கா.”

“ஆமா, சொல்லியிருக்கணும். துடை.”

“அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா?”

“மாட்டா. நான் பேசிக்கிறேன்.”

வாசல்: “பனி அறை: பட்டை இல்லாத ஒருவர். காத்திருப்போர் வரிசை: 2.”

9.17

கதிரேசன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே தாம்பாளத்துச் சுத்தியலை எடுத்து வேம்புவின் பட்டையை அடித்து நொறுக்கினார். உள்பேசியில் சத்தம் கேட்டது. நான் தடுப்பதற்குள் செய்துவிட்டார். உடைந்த பட்டையை வாசல் அதே இடத்தில்தான் வைத்திருக்கும், மயங்கிக் கிடப்பதாக நினைத்துக்கொண்டு. நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்.

“பூஜையில வச்சதை ஒடச்சுட்டேன் அமலாம்மா. பரவால்ல. இன்னொண்ணையும் ஒடைக்கவா?”

“வேணாம் சார். பிரயோஜனம் இல்ல.”

“எம் பேரை எடுத்துருங்க. கணக்குல இருந்து என்னைய எடுத்துட்டு அவனைச் சேருங்க.”

“உங்க கட்டைவிரல் இங்க வேணும் சார்.”

9.20

கட்டைவிரல். என் கட்டைவிரல் இங்கேதான் இருக்கிறது.

பட்டை தொலைந்தால் கட்டைவிரல் மட்டும் போதும்.

9.22

‘என் பட்டை தொலைந்துவிட்டது’ என்பதை அழுத்திக் கட்டைவிரலை வைத்தேன்.

வாசல்: “அமலோற்பவம்: பட்டை நீக்கப்பட்டது. சாப்பாட்டு அறை: இருவர். ஓர் இடம் காலி.”

வாசல்: “காத்திருப்போர் வரிசை 1 ஏற்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறை: ஒருவர். காற்று பாதுகாக்கப்படும்.”

எனக்குக் கிடைத்துவிட்டது. வேம்புக்காக அழுத்தினேன், வரிசையில் நான் முன்னால் நின்றதால் எனக்குக் கொடுத்துவிட்டது. என் கதவின் மேல் பச்சை விளக்கு எரிகிறது.

பனி அறையில் பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. கதவு திறக்கவில்லை, நடைபாதையில் காற்று இல்லையே.

9.25

“அக்கா, காது அடைக்கு. பஸ்ஸுல கொடைக்கானல் ஏறும்போது அடைக்குமே, அது மாதிரி.”

“எச்சி முழுங்குடா.”

“முழுங்குதேன். சரியாயிருமா?”

“சரியாயிரும்.”

மாற்று வழி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இருக்கிற இடம் ஒன்று, ஆள் இரண்டு. கொஞ்ச நேரம் அவன், கொஞ்ச நேரம் நான் என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கணக்குப் போட்டேன். இந்த அறையை வெறுமையாக்கக் கால் மணி நேரம் போதும், பனி அறை பெரிது, அதற்கு அரை மணி நேரம். மறுபடி நிரப்ப அதைப் போல மூன்று மடங்கு. தொட்டியிலிருந்து மெதுவாகத்தான் வரும். மாற்றிக்கொண்டால் இரண்டு பேருமே போய்விடுவோம்.

பூமியிலிருந்து இதை நிறுத்த முடியும், ஆனால் செயற்கைக்கோள் பத்தரைக்குத்தான். அதற்குள் ஒரு அறைக்கு மட்டும்தான் காற்று மிஞ்சும்.

9.28

உண்மையை எழுதுகிறேன். மூன்று நிமிடம் ஒன்றும் செய்யாமல் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாற்பத்து நாலு வயது. எனக்கு உயிர் மேல் ஆசை இருக்கிறது. ரொம்பவே இருக்கிறது. ஊருக்குப் போனதும் பேகம்பூரில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், மொட்டை மாடியோடு. அங்கே மழை பார்க்க வேண்டும்.

இந்த விளக்கு தானாகவே எனக்கு எரிந்தது. நான் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். வேம்புகூடச் சொல்ல மாட்டான்.

அவன் இப்போது பேச்சைக் குறைத்துவிட்டான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

9.30

“வேம்பு.”

“ம்.”

“பனி உருகிடுச்சா?”

“இல்லக்கா. கையிலதான் வச்சிருக்கேன். மூச்சு கொஞ்சம்… நீங்க சொன்னீங்கள்லா, சரியாயிரும்னு.”

“சொன்னேன்.”

“அப்ப சரி.”

9.31

லென்ஸை மூட எதுவும் இல்லை. டேப் பட்டறையில். விரலால் மூடினால் விரல் சூட்டையே ஆள் என்று எடுத்துக்கொள்ளும். கைக்குட்டையில் துடைத்த சந்தனம் இன்னும் ஈரமாக இருக்கிறது.

9.32

வைத்துவிட்டேன். கெட்டியாக. குங்குமமும் அதிலேயே கலந்திருந்தது. எனக்குப் பொட்டு வைத்துப் பழக்கமில்லை, கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

வாசல்: “கட்டுப்பாட்டு அறை: ஆள் இல்லை. ஓர் இடம் காலி. காத்திருப்போர் வரிசை 2 ஏற்கப்பட்டது. பனி அறை: ஒருவர். காற்று நிரப்பப்படுகிறது.”

வாசல்: “கட்டுப்பாட்டு அறை: காற்று மீட்பு தொடங்குகிறது.”

9.34

“அக்கா, காத்து வருது. உஸ்ஸுனு சத்தம் கேக்கு. பச்ச லைட்டு எரியுது. நீங்கதான் செஞ்சீங்களா?”

“பூட்டு சரியாயிடுச்சுடா. லென்ஸுக்கு எதிரயே உக்காந்திரு, நகராத. பத்தரைக்கு மேல பூமியில இருந்து நிறுத்திடுவாங்க.”

“நீங்க எங்க இருக்கீங்க?”

“சாப்பாட்டு ரூம்ல. சார்கூட. சுண்டல் மிச்சம் இருக்கு.”

“எனக்கும் வைங்க.”

அவன் பக்கத்து உள்பேசியை அணைத்துவிட்டேன். தெரிந்தால் அவன் லென்ஸை மூடிவிட்டுச் சண்டைக்கு வருவான். அவன் சுபாவம் அப்படி.

9.38

“அமலாம்மா, இந்த ரூம் திரையிலயும் எல்லாம் வருது, பார்த்துட்டுதான் இருக்கேன். என்ன செஞ்சீங்க?”

“உங்களுக்குத் தெரியும் சார். வேம்புகிட்ட இப்ப சொல்லாதீங்க. கதவு திறந்தப்புறம் சொல்லுங்க.”

“நான்தான நேரம் பார்த்துச் சொன்னேன். நான்தான பட்டையைக் கழட்டச் சொன்னேன்.”

“நான்தான சார் சந்தனத்தைப் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன். நேரத்து மேல தப்பு இல்ல. நீங்க போன கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டாம இருந்திருந்தா வாயைத் திறந்திருப்பேன். அவ்வளவுதான்.”

அவர் அழுகிறார். பெரியவர் அழுவதைக் கேட்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பேசச் சொன்னேன், எதையாவது. காரைக்குடியில் அவர் வீட்டுக் கதவு தேக்கு மரம், இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினால்தான் திறக்கும் என்றார். பூட்டே போடுவதில்லையாம், வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்களாம்.

9.41

காது அடைக்கிறது. கொடைக்கானல் பஸ் மாதிரியேதான்.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு. மூன்று என்ற எண்ணை எடுத்துவிடுங்கள். ஆள் கூடுதலாக வந்தால் வரட்டும், குக்கருக்கும் சேர்த்துக் காற்று கொடுங்கள். கதவுகளில் பழைய சக்கரங்களை மறுபடி பொருத்துங்கள், கிடங்கில் வலது பக்கம் அடுக்கியிருக்கிறேன். கன்சோலில் தட்டுகிற விரலையும் ஆளாகக் கணக்கில் எடுங்கள். நான் இவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த அறையில் ஆள் இல்லை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சந்தனத்தைக் குறை சொல்லாதீர்கள். வேம்புவையும்.

9.44

விரல் வீங்குகிறது. எழுத்து மாறி விழுந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கணக்குப் பார்த்தேன். சாப்பாட்டு அறையில் கதிரேசன், வேம்புராஜ் என்கிறது. பனி அறையில் ஒருவர் என்கிறது. வேம்பு இரண்டு இடத்திலும் இருக்கிறான். நான் எங்கேயும் இல்லை.

சார் குரல் தூரத்தில் கேட்கிறது. உள்பேசியில் கோளாறு இல்லை, இங்கே காற்று குறைந்துவிட்டதால். பதில் சொல்ல மூச்சு

9.46

கன்சோலுக்கு மேல் சின்ன ஃபேன் ஒன்று. சுற்றிக்கொண்டிருக்கிறது. நன்றாகத் தெரிகிறது. சத்தம் இல்லை.

அப்பா கேட்பார் யாருக்குடி

எனக்குத்தான்ப்பா நான் இங்கதான் இருக்கேன்

9.49

வாசல்: “கட்டுப்பாட்டு அறை: காற்று மீட்பு முடிந்தது. ஆள் இல்லை. விளக்கும் ஃபேனும் அணைக்கப்பட்டன.”

வாசல்: “சாப்பாட்டு அறை: இருவர். பனி அறை: ஒருவர். நிலையத்தில் மூவர். கணக்கு சரி.”